பென்ரின் பிரபு: கேள்வி பதில்

ரிச்சர்ட் பெனன்ட் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வட வேல்ஸ் நிலக்கிழார், சிலேட்டுக் குவாரி முதலாளி, லிவர்பூல் எம்.பி., பென்ரின் பிரபு. 1808இல் காலமானார். ஒரே எச்சரிக்கைதான்: அந்தப் பட்டத்தில் பின்னாலும் ஆட்கள் உண்டு. ஆண்டைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: பிரபுவாகிவிட்டவர் மக்களவையில் எப்படி உட்கார்ந்தார்?

1783இல் அவருக்குக் கிடைத்தது அயர்லாந்துப் பட்டம். அதை வைத்துக்கொண்டு லண்டன் பிரபுக்கள் சபைக்குள் போக முடியாது. மக்களவைக்குப் போகத் தடையில்லை. 1784இல் மறுபடியும் லிவர்பூலில் ஜெயித்தார். பட்டமும் வந்தது, தொகுதியும் திரும்பி வந்தது.

கேள்வி: குவாரி எப்படி அவர் கைக்கு வந்தது?

கல்யாணத்தில். 1765இல் ஆன் சூசன்னா வார்பர்ட்டனை மணந்தார்; பென்ரின் எஸ்டேட்டில் பாதி அந்த அம்மாள் வழி வந்தது. மறுபாதியை 1785இல் வாங்கிக்கொண்டார்.

அந்த எஸ்டேட் மலையில் சிலேட்டு முன்பே வெட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் சின்னச் சின்னக் குத்தகை எடுத்து, தாங்களே வெட்டி, தாங்களே விற்றார்கள். 1782 வாக்கில் பெனன்ட் அந்தக் குத்தகைகளைக் காசு கொடுத்து முடித்துவிட்டு, குவாரியைத் தன் பொறுப்பில் எடுத்தார். நேற்றுவரை குத்தகைதாரர், இன்று அவரிடம் கூலி. குதிரை முதுகில் பொதியாகக் கடற்கரைக்கு இறங்கிய சரக்குக்குச் சாலை போட்டார். 1790இல் போர்ட் பென்ரின் என்று துறைமுகம் கட்டினார். 1801இல் மலையிலிருந்து துறைமுகத்துக்கு ஏறத்தாழ 6 மைல் தண்டவாளம். வண்டிகளைக் குதிரைகள் இழுத்தன.

நாம் எழுதிப் பழகிய சிலேட்டேதான். அங்கே அதைக் கூரைக்கு வேய்ந்தார்கள். அளவுக்கு ஒரு பெயர்: 24 அங்குலத்துக்கு 12 என்றால் 'டச்சஸ்', 20க்கு 10 'கவுண்டஸ்', 16க்கு 8 'லேடி'. சீமாட்டிகளை அடுக்கித்தான் கூரை போட்டார்கள்.

கேள்வி: பென்ரின் கோட்டையை அவர்தானே கட்டினார்?

இல்லை. வாரிசாக வந்த உறவினர் ஜார்ஜ் ஹே டாக்கின்ஸ் பெனன்ட், தாமஸ் ஹாப்பர் என்ற கட்டடக் கலைஞரை வைத்து 1820களில் தொடங்கியது.

கேள்வி: மூன்று வருட வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்களை இவர் ஏன் அப்படி நடத்தினார்?

1900 முதல் 1903 வரை அந்தக் குவாரியில் நடந்தது அது. இவர் செத்து 92 வருடம் கழித்து. அப்போதைய பென்ரின் பிரபு ஜார்ஜ் ஷோல்டோ டக்ளஸ் பெனன்ட். ஆண்டு, ஐயா, ஆண்டு.

கேள்வி: சாலை, துறைமுகம், வேலை எல்லாம் கொடுத்தவர். ஜமைக்காவில் அடிமைகள் வைத்திருந்தார் என்று இன்றைய அளவுகோலில் குறை சொல்வது நியாயமா?

இன்றைய அளவுகோலே வேண்டாம், அவர் காலத்ததே போதும். 1789 மே மாதம் வில்பர்ஃபோர்ஸ் அடிமை வணிகத்துக்கு எதிராக அதே மக்களவையில் பேசினார். பென்ரின் எழுந்து, இதை ஒழித்தால் 7 கோடி பவுண்டு சொத்தில் கைவைத்த மாதிரி, குடியேற்றங்கள் அழியும், கடலாட்சியே போய்விடும் என்றார். மேற்கிந்தியத் தோட்ட முதலாளிகள் சங்கத்தின் தலைவரும் அவர்தான். எதிர்வாதம் காதில் விழாதவர் இல்லை. உட்கார்ந்து கேட்டுவிட்டுப் பதில் சொன்னவர்.

அதே நண்பர்: ஆனால் அவர் இரக்கமான முதலாளி என்று படித்தேனே?

எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று தெரியும். மாடுகளையும் நீக்ரோக்களையும் அளவுக்கு மீறி வேலை வாங்க வேண்டாம் என்று தன் ஏஜெண்டுக்கு எழுதினார். வரிசையைப் பாருங்கள்: முதலில் மாடு.

அதே நண்பர்: சரி, ஆனால் சிலேட்டுப் பணம் வேறு, சர்க்கரைப் பணம் வேறு அல்லவா?

ஒரே பெட்டி. சிலேட்டு லாபம் தருவதற்கு முன் சாலைக்கும் துறைமுகத்துக்கும் முதலீடு வேண்டும். அவர் வீட்டுக்கு ஜமைக்காவிலிருந்து தலைமுறையாகச் சர்க்கரை வருமானம் வந்துகொண்டிருந்தது. 1833 சட்டப்படி அடிமை முறை ஒழிந்தபோது மேலே சொன்ன வாரிசுக்கு 764 பேருக்காக 14,683 பவுண்டு நஷ்டஈடு கிடைத்தது. அந்த 764 பேருக்கு ஒரு பென்னி இல்லை. இதற்கு மேல் இந்த வழக்கை நான் இழுக்கப்போவதில்லை.

கேள்வி: கோட்டையைக் கட்ட அவருக்கு எத்தனை வருடம் ஆனது?

மேலே பாருங்கள்.

கேள்வி: விக்டோரியா ராணிக்குச் சிலேட்டில் கட்டில் செய்தாராமே?

1 டன் கனக் கட்டில், உண்மைதான். ராணி அங்கே வந்தது 1859இல். ஆண்டு!

கேள்வி: ஜமைக்காவில் அவர்கள் பெயர் இன்னும் இருக்கிறதா?

கிளாரண்டன் பகுதியில் பெனன்ட்ஸ் என்றே ஓர் ஊர்.