உட்கார்ந்து எழுந்தால் கீழ்முதுகு பிடிக்கிறதா? இடுப்பின் முன்பக்கத்தைப் பாருங்கள்

தினம் 10 மணி நேரம் உட்கார்ந்து வேலை, எழுந்ததும் நாலு அடிக்கு நிமிரவே முடியவில்லை, குனிந்து காலைத் தொடும் பயிற்சி செய்தும் வலி போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வலி பின்னால் இருந்தாலும் பிடிப்பு முன்னால் இருக்கலாம். சோவாஸ் என்ற தசை கீழ்முதுகு எலும்புகளில் தொடங்கி, இடுப்பு வழியாக இறங்கி, தொடை எலும்பின் உட்பக்கத்தில் முடிகிறது. நாள் முழுக்க மடங்கியே கிடந்தால் அது இறுகிப்போய், நிமிரும்போது முதுகை முன்னால் இழுக்கும்.

சோதித்துப் பாருங்கள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அப்படியே மல்லாந்து, ஒரு முட்டியை மார்போடு கட்டிக்கொள்ளுங்கள். மற்ற காலைத் தொங்கவிடுங்கள். அந்தத் தொடை மெத்தையில் படியாமல் தூக்கி நின்றால் சந்தேகம் சரிதான்.

அப்புறம் பயிற்சி. வலது முட்டியைத் தலையணை மேல் ஊன்றி, இடது பாதத்தை முன்னால் வையுங்கள். நான் ஒரு மாதம் தப்பாகச் செய்தது இங்கேதான். முன்னால் சாயச் சாய நல்லது என்று முதுகை வளைத்தேன், வலி கூடியது. சாயவே வேண்டாம். வலது புட்டத்தை இறுக்கி, பெல்ட் பக்கிளை முகத்தை நோக்கித் தூக்குவதுபோல் இடுப்பைச் சுருட்டுங்கள். தொடையின் முன்பக்கம் சுர்ரென்று இழுக்கும். 30 விநாடி, பக்கத்துக்கு 3 முறை. மூச்சைப் பிடிக்காதீர்கள்.

கால் மரத்தாலோ, வலி முட்டிக்குக் கீழே இறங்கினாலோ இதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். சிறுநீர் கட்டுப்படாமல் போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மற்றபடி, மேசையில் பெரிய பாட்டிலுக்குப் பதில் சின்ன டம்ளர் வையுங்கள். தண்ணீருக்காகவாவது அடிக்கடி எழுந்துவிடுவீர்கள்.