புதிய குடியிருப்பில் நல்ல உணவகம் எது?

கேள்வி: அண்மையில் வீடு மாறி வந்துள்ளோம். அருகில் உணவகங்கள் பல இருக்கின்றன. இணையத்தில் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு நட்சத்திரங்கள். நம்பித் தொடர்ந்து செல்லத்தக்க ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: நட்சத்திரங்களை ஒதுக்கிவிட்டு, சாப்பாட்டு வேளையில் உள்ளே செல்பவர்களைக் கவனியுங்கள். அப்பகுதியில் வசிப்பவர்களும் பணிபுரிபவர்களும் மீண்டும் மீண்டும் வருகிறார்கள் என்றால், அங்கே சமைத்தது விரைவில் தீர்ந்து, புதிதாகச் சமைக்கப்படுகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது என்றும், பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. அதற்கும் 5 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில்தான் நுண்ணுயிரிகள் வேகமாகப் பெருகுகின்றன. ஆகவே, ஆவி பறக்க வர வேண்டியது வெதுவெதுப்பாக வந்தால், கடை எவ்வளவு அழகாக இருந்தாலும் எழுந்துவிடுங்கள். மிக நீண்ட உணவுப் பட்டியலையும் நான் சற்றுச் சந்தேகத்துடனேயே பார்ப்பேன்; அத்தனை வகைகளையும் அன்றாடம் புதிதாகச் செய்வது எந்தச் சமையலறைக்கும் எளிதன்று. ஏதேனும் பருகுவதற்கு மட்டும் செல்வதாக இருந்தால், குவளை கழுவும் இடத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். பனிக்கட்டி எந்த நீரில் செய்யப்பட்டது என்று கேட்கவும் தயங்க வேண்டாம். உறைந்துவிட்டதாலேயே கிருமிகள் எல்லாம் இறந்துவிடுவதில்லை.