டயர் மாற்றப் போனால் ரிம்மையும் சேர்த்து விற்கிறார்கள்

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "2014 மாடல் ஸ்பிளெண்டர், ஸ்போக்ஸ் சக்கரம். பின் டயர் மொட்டையாகிவிட்டது. டயர், டியூப், ரிம் மூன்றையும் மாற்ற வேண்டும், நாலாயிரம் ஆகும் என்கிறார் கடைக்காரர். மச்சான் வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்கிறார். அப்படிச் செய்தால் சக்கரம் கோணலாகி பிரேக் பிடிக்காமல் போகுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள்."

மச்சான் சொல்வதுதான் சரி. ஆனால் முதலில் ரிம் விஷயம். வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு சாக்பீஸை ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுங்கள். இடைவெளி 2 மில்லிமீட்டருக்குள் ஆடினால் ரிம் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு மேல் ஆடினாலும் ஸ்போக்ஸை முறுக்கிப் பெண்டு எடுப்பதுதான் வழக்கம். விரிசல் விட்டிருந்தால், இல்லை வேதாரண்யம் பக்கத்து வண்டிகள் போல உப்புக்காற்றில் துரு தின்றிருந்தால் மட்டும் புது ரிம் வாங்குங்கள்.

கழற்றுவது அரை மணி நேர வேலை. பிரேக் கம்பியின் நட்டு, பிரேக் பிளேட்டை (பிரேக் கட்டைகளைத் தாங்கும் வட்டத் தட்டை) பிடித்திருக்கும் பட்டைக் கம்பியின் போல்ட்டு, ஆக்சில் நட்டு, இந்த மூன்றையும் எடுத்து ஆக்சிலை உருவினால் சக்கரம் வலது பக்கமாக நகர்ந்து வரும். செயினும் பல்சக்கரமும் வண்டியிலேயே நிற்கும். செயினை இறுக்கவும் தளர்த்தவும் இருக்கும் செயின் அட்ஜஸ்டரை மட்டும் தொடாதீர்கள். அதைத் தொடாதவரை சக்கரம் பழைய இடத்திலேயே நேராக உட்காரும். உங்கள் வீட்டார் பயப்படும் கோணல் வராது.

பிரேக்கைக் கெடுப்பது அந்தப் பட்டைக் கம்பிதான். திரும்ப மாட்டும்போது அதன் போல்ட்டை இறுக்கி, நட்டு கழலாமல் காக்கும் கம்பிப் பின்னைக் குத்த மறந்தால், பிரேக் மிதித்ததும் பிளேட்டே சுழன்றுவிடும். இரண்டு முறை பாருங்கள்.

டயரை ஏற்றும்போது டியூபில் கொஞ்சம் காற்று விட்டு, முகப் பவுடரைத் தடவி உள்ளே வையுங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் வந்து முடியுங்கள். கடைசி ஒரு சாண் மக்கர் செய்யும். அப்போது டயர் லீவரால் நெம்பாதீர்கள், டியூப் கடிபட்டுவிடும். எதிர்ப்பக்கத்து டயர் ஓரத்தை முழங்காலால் ரிம்மின் நடுக்குழிக்குள் அழுத்தினால் இந்தப் பக்கம் தானாகத் தளரும். சோப்புத் தண்ணீர் உதவும். காற்று பிடித்ததும் டயர் ஓரத்தில் ஓடும் மெல்லிய கோடு ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிய வேண்டும்.

சரி, வேலை இவ்வளவுதான். ஏமாற்று எல்லாம் டயர் வாங்கும் இடத்தில்தான். உங்கள் வண்டிக்கு முன்னும் பின்னும் 2.75-18 தான். ஆனால் முன் டயரில் 42P என்றும் பின் டயரில் 48P என்றும் இருக்கும். 42 என்றால் 150 கிலோ தாங்கும், 48 என்றால் 180. அளவு ஒன்றுதானே என்று முன் டயரைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். நீங்களோ 40 கிலோ நெல் சிப்பம் இரண்டைப் பின்னால் கட்டுகிற ஆள். அப்புறம் தேதி: 2325 என்றிருந்தால் 2025இன் 23ஆவது வாரம் செய்தது. மூன்று வருடம் வெயிலில் தொங்கிய சரக்கைத் துடைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். என்னிடமே ஒருவர் தேய்ந்த டயரில் பட்டன் (சாலையைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள்) வெட்டி, கறுப்புப் பாலிஷ் போட்டுப் புதுசு என்றார். புது டயரில் மீசை முடி மாதிரி ரப்பர் முளைகள் நிற்கும். அவர் காட்டியதில் ஒன்றுகூட இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகிவிட்டது. பழைய விலைச் சீட்டைக் காட்டினால் கேள்வி கேளுங்கள். நாம் கேட்காவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? வண்டியை மறித்துச் சோதிக்கிற போலீஸ்காரர்கள் ஹெல்மெட்டுக்குக் கீழே எதையும் பார்ப்பதில்லை. டயர் பட்டன் 0.8 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு. அலாய் சக்கரத்தில் டியூப்லெஸ் டயர் என்றால் வீட்டில் கை வைக்காதீர்கள். அதன் ஓரம் ரிம்மில் இறுகக் கவ்வியிருக்கும், லீவர் கீறினால் காற்று கசியும், திரும்ப உட்கார வைக்கக் கம்பிரசரின் வேகம் வேண்டும், கைப்பம்பால் முடியாது. "என் வண்டியும் அலாய்தான், ஆனால் உள்ளே டியூப் இருக்கிறதே" என்பார்கள். அலாய் என்றாலே டியூப்லெஸ் இல்லை. டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதையும் பாருங்கள், வால்வின் அடியையும் பாருங்கள்: ரிம்மோடு ரப்பர் ஒட்டி நின்றால் டியூப்லெஸ், நட்டு போட்டு ஆடினால் டியூப். டியூப்லெஸ் டயருக்குள்ளேயே டியூப் போட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. அவர்களும் கடைக்கே போகட்டும்.

பழைய டயரைக் கழற்றியதும் உள்பக்கத்தைத் துணியால் துடையுங்கள். துணி மாட்டும் இடத்தில் கருவேல முள் இருக்கும். ரிம் நாடாவையும் பாருங்கள், கிழிந்திருந்தால் ஸ்போக்ஸ் முனை புது டியூபைக் குத்தும்.

புது டயர் முதல் 150 கிலோமீட்டர் வரை வழுக்கும். சாலையிலேயே நெல் காயப்போட்டு, குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தை மண்ணால் மூடி வைத்திருக்கும் ஊர் நம்முடையது. அது வரை வீட்டம்மாவைப் பின்னால் ஏற்ற வேண்டாம்.