காதல் படத்துல ஏக்கத்த எப்படிக் காட்டுற? கேளுங்க, சொல்லுறன்

நான் மட்டக்களப்புல கலியாண வீடியோ எடுக்கிறவன், குறும்படம் மூணு எடிட் பண்ணியிருக்கன். ஷொட் பத்தி மட்டும் கேளுங்க, காதலுக்கு வழி கேக்காதீங்க.

களுவாஞ்சிகுடி தம்பி: அழாமலே கவலையக் காட்ட ஏலுமா அண்ணே?

ஓம். 1945ல வந்த டேவிட் லீன்ட பிரீஃப் என்கவுன்டர் பாரு. ரெண்டு பேரும் கடைசியாப் பிரியப் போற நேரம், ஸ்டேஷன் டீக்கடைக்குள்ள தெரிஞ்ச மனிசி ஒண்டு வந்து குந்தி அலட்டிட்டே இருக்கும், போயிட்டு வாறன் எண்டு ஒழுங்காச் சொல்லவும் வழியில்ல, அவன் எழும்பி அவட தோள்ல கைய வச்சு ஒருக்கா அமத்திட்டுப் போயிருவான். படம் தொடங்குறதே அதுலதான், அப்ப நமக்கு அது வெறும் கையும் தோளும். மறுகா முழுக்கதையும் தெரிஞ்சு, கடைசில அதே சீன் திரும்ப வரக்குள்ள நெஞ்சு அடைச்சிரும்.

ஏறாவூர் தம்பி: என்ன கமரா வாங்க?

இருக்கிற போன் போதும்.

அக்கரைப்பற்று தம்பி: மழையில பிரியுற சீன், ஸ்லோமோஷன் போடட்டா?

வேணாம். கலியாண வீடியோல போட்டுப் போட்டு நானே களைச்சுட்டன்.

காரைதீவு தங்கச்சி: வொங் கார்-வாய் 2000ல எடுத்த இன் த மூட் ஃபோர் லவ்ல முழுக்க ஸ்லோமோஷன்தானே, அது பிழையா?

மாட்டிட்டன் கா. ஆனா அங்க ஸ்லோவாகுறது அழுகையில்ல, நூடுல்ஸ் வாங்கப் போற நடை. ஒடுக்கமான படிக்கட்டுல இவ ஏற அவன் இறங்குவான், அவட சட்டை மாறுறத வச்சுத்தான் நாள் போகுதெண்டு விளங்கும்.

அதே தங்கச்சி: அப்ப ஸ்லோமோஷன் போடலாம்!

சரி, சும்மா நடக்கிறதுக்குப் போடு, கட்டிப்பிடிக்கிறதுக்குப் போடாத. இதுக்கு மேல சண்டைக்கு வராத.

ஆரையம்பதி அண்ணன்: 96 படத்துல ராம் கோழை, ஜானுவத் தொடவே இல்லையே?

கோழையோ வீரனோ, அது உங்கட பாடு அண்ணே. கரண்ட் போன வீட்டுக்குள்ள ஜானு பாடத் தொடங்கினதும் இவன் வெளிச்சம் தேடி இருட்டுல தட்டுத்தடுமாறி ஓடுறானே, பள்ளிக்கூடத்துல இருந்து காத்துக் கிடந்த பாட்டு, முகம் தெரியல்ல. தொட்டிருந்தா இவ்வளவு வந்திருக்குமா?

செங்கலடி தம்பி: அண்ணே எந்தக் கமரா நல்லம்?

மேல பாரு.

அக்கரைப்பற்று தம்பி: அப்ப கல்லடிப் பழைய பாலத்துல ஜோடிய வச்சு எடுக்கட்டா?

எல்லாரும் எடுத்தாச்சுடா. அவன் தனியப் புதுப் பாலத்துல சைக்கிள்ல போகட்டும், பக்கத்துல பழைய பாலம் வெறுமையா வரட்டும். அவன் அந்தப் பக்கம் திரும்பவே வேணாம்.

அக்கரைப்பற்று தம்பி: அதுக்கு ஸ்லோமோஷன்?

சைக்கிள் ஓடுறது நடக்கிறதா?