பழைய வீடியோ கேமிலிருந்து படங்களை எடுத்தேன், வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது: என்ன செய்வது?

கேள்வி: நான் தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதியாண்டு படிக்கிறேன். சின்ன வயதில் அண்ணனின் டிவி கேம் செட்டில் விளையாடிய ஒரு 8 பிட் கேமின் ரோம் ஃபைலை (கேசட்டில் உள்ள கேமின் நகலை) இணையத்தில் இறக்கினேன். அதிலிருந்த ஹீரோ, எதிரிகள், மரம், செங்கல் எல்லாவற்றையும் ஸ்பிரைட் ஷீட்டாக, அதாவது எல்லாப் படங்களையும் அடுக்கிய ஒரே படமாகப் பிரித்தெடுத்தேன். சிலவற்றுக்கு நிறம் மாற்றினேன். புரோகிராம் முழுக்க நானே எழுதி, தமிழ்ப் பெயர் வைத்து, பிளே ஸ்டோரில் போட்டேன். 'படங்களின் உரிமை அவற்றின் உரிமையாளர்களுக்கே' என்று கீழே குறிப்பும் எழுதியிருந்தேன். விளம்பரத்தில் சுமார் 11,000 ரூபாய் வந்தது. ஸ்பிரைட் ஷீட்டை மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வைத்திருக்கிறேன். போன மாதம் பிளே ஸ்டோரில் கேமை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் சார்பில் மின்னஞ்சலில் வக்கீல் நோட்டீஸ். 14 நாளில் எல்லாவற்றையும் அழித்து, வருமானக் கணக்கு கொடுத்து, உறுதிமொழி எழுதித் தர வேண்டுமாம். அந்த கேம் இன்று எங்குமே விற்பதில்லை. அதன் கேசட் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. நீக்கியது தவறு என்று மறுத்து பிளே ஸ்டோரில் எதிர் அறிவிப்பு கொடுத்தால் கேம் திரும்பி வந்துவிடும் என்கிறான் நண்பன். போலீஸ் கேஸ் ஆகுமா? அம்மா ரொம்பப் பயப்படுகிறார்.

பதில்: முதலில் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். வந்திருப்பது வக்கீல் நோட்டீஸ். அது வழக்கும் இல்லை, எஃப்.ஐ.ஆரும் இல்லை. உங்கள் பாஸ்போர்ட்டுக்கோ கேம்பஸ் வேலைக்கோ இன்றைய நிலையில் இதனால் எந்தத் தடையும் வராது. ஆனால் பதில் போடாமல் இருந்துவிடாதீர்கள். உங்கள் விஷயத்தில் சட்டம் பெரும்பாலும் அவர்கள் பக்கம் இருக்கிறது. ஒழுங்காகப் பதில் சொன்னால் இதைக் கடிதத்தோடு முடித்துக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு.

நீங்கள் செய்த காரியங்கள் பல. ரோம் இறக்கினீர்கள், படங்களைப் பிரித்தீர்கள், நிறம் மாற்றினீர்கள், கேமில் வைத்து வெளியிட்டீர்கள், தனியாக கிட்ஹப்பிலும் போட்டீர்கள். இவை எல்லாமே ஒரே தவறு என்று நோட்டீஸ் சொல்கிறது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வீட்டுக்குள் செய்ததற்கு ஒரு கணக்கு, வெளியே விட்டதற்கு வேறு கணக்கு.

ஒரு கேமுக்குள் இரண்டு விதமான படைப்புகள் இருக்கின்றன. புரோகிராம் ஒன்று. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் அது இலக்கியப் படைப்பு என்ற வகையில் வருகிறது. படங்கள் கலைப் படைப்பு. கலைப் படைப்புக்கான விளக்கத்திலேயே 'கலைத்தன்மை இருந்தாலும் இல்லாவிட்டாலும்' என்று எழுதியிருக்கிறது. அதனால் '16 பிக்சல் பொம்மை எல்லாம் ஓவியமா?' என்ற வாதம் எடுபடாது. அந்த நாட்களில் கேம் வரைந்தவர்களுக்குக் கிடைத்த இடத்தை நினைத்துப் பாருங்கள். படத்தின் சிறு கட்டமான ஒரு டைல் 8-க்கு 8 பிக்சல், மொத்தமே 16 பைட். ஒரு ஸ்பிரைட் (நகரும் உருவம்) டைலுக்கு 3 நிறம், நான்காவது இடம் பின்னணி தெரியும்படி விடுவதற்கு. அவ்வளவு குறைந்த இடத்தில் தொப்பி, மீசை, கை கால் எல்லாம் தெரியும்படி ஒரு ஆளைக் கொண்டுவர எந்தப் பிக்சலை வைப்பது, எதை விடுவது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். சட்டம் பாதுகாப்பது அந்தத் தேர்வைத்தான்.

'நிறம் மாற்றினேன்' என்ற உங்கள் வாதத்தை இந்த இடத்தில்தான் பார்க்க வேண்டும். டைல் எடிட்டரில் திறந்த உடனே படங்கள் சாம்பல் நிறத்தில் தெரிந்திருக்கும். காரணம், டைலுக்குள் நிறமே கிடையாது. இந்தப் பிக்சல் 1, அந்தப் பிக்சல் 2 என்று எண் மட்டும் இருக்கும். நிறம் தனிப் பட்டியலிலிருந்து வரும். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேமில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே டைல்கள்தான். வெள்ளையும் நீலமும் கொடுத்தால் மேகம், பச்சை கொடுத்தால் புதர். நிறத்தை மாற்றினால் புதுப் படம் ஆகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. வரைந்தவரின் உழைப்பு உருவத்தில் இருக்கிறது, அதை நீங்கள் அப்படியே வைத்துக்கொண்டீர்கள். அசல் படைப்பை எடுத்து மாற்றியமைக்கும் உரிமையும் 14-வது பிரிவின்படி உரிமையாளருக்கே.

சரி, பிரித்தெடுத்ததே குற்றமா? தனக்காக, படித்துப் பார்ப்பதற்காக ஒரு படத்தை நகலெடுப்பதற்கு 52-வது பிரிவில் இடம் இருக்கிறது. 'நியாயமான கையாளுகை' என்பார்கள். சொந்தப் பயன்பாடும் ஆராய்ச்சியும் அதில் அடங்கும். கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு அந்தக் கூறு பொருந்தாது, ஆனால் புரோகிராமுக்கென்றே தனி விலக்குகள் இருக்கின்றன. ஒரு புரோகிராம் எப்படி இயங்குகிறது என்று கவனித்து ஆராயலாம். சட்டப்படி தனக்குக் கிடைத்த பிரதியிலிருந்து, வணிக நோக்கம் இல்லாமல், சொந்த உபயோகத்துக்கு நகலெடுக்கலாம். ஆகவே ஸ்பிரைட்டுகளைப் பிரித்து, எந்த டைல் எங்கே உட்காருகிறது, நடக்கும் அசைவுக்கு எத்தனை படம் வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் உங்கள் அறையில் பார்த்ததை நான் தவறு என்று சொல்லமாட்டேன். கேம் செய்யக் கற்றுக்கொள்பவர்களுக்கு அது மிக நல்ல பாடம். கல்லூரிப் பிராஜெக்ட்டில் விளக்கத்துக்காக நான்கைந்து படங்களைக் காட்டியிருந்தாலும் கவலை வேண்டாம்.

ஒரு சிக்கல் இருக்கிறது, கேசட். 'சட்டப்படி கிடைத்த பிரதி' என்பது முக்கியமான நிபந்தனை. 90-களிலும் 2000-களிலும் நம் ஊர்க் கடைகளில் டிவி கேம் செட்டோடு வந்த '9999 இன் 1' கேசட்டுகள் பெரும்பாலும் உரிமம் இல்லாமல் போட்ட நகல்கள். உங்கள் அண்ணன் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்கியிருப்பார், அவர் மேல் குறை இல்லை. ஆனால் அந்தக் கேசட்டைக் காட்டி 'என்னிடம் அசல் பிரதி இருக்கிறது' என்று பதிலில் எழுதிவிடாதீர்கள். அசல் கேசட்டே இருந்தாலும், நீங்கள் ரோமை எடுத்தது இணையத்திலிருந்து, கேசட்டிலிருந்து இல்லை. இந்த வாதம் உங்களுக்கு உதவாது, எதிராளிக்கு ஒரு பிடி கொடுக்கும்.

இப்போதைய கேம்களைப் பிரிக்க நினைக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய கேம்களின் டைல்களுக்குப் பூட்டு கிடையாது. இன்று பல கேம்களில் படங்கள் குறியாக்கம் செய்து பூட்டப்பட்டிருக்கும். பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு அந்தப் பூட்டை உடைத்தால், 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவின்படி அது தனிக் குற்றம். 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

உங்கள் உண்மையான பிரச்சினை வெளியிட்டதுதான். பிளே ஸ்டோரில் போட்டது பொதுமக்களிடம் கொண்டுசேர்ப்பது. கிட்ஹப்பில் போட்டதும் அதேதான், அதில் காசு வரவில்லை என்பது மட்டுமே வித்தியாசம். காசு வாங்காமல் வெளியிட்டாலும் மீறல் மீறல்தான். ரசிகர்களே செய்த போக்கிமான் யுரேனியம் என்ற கேம் இலவசமாகத்தான் வந்தது. நிண்டெண்டோ தரப்பிலிருந்து நீக்கச் சொல்லி அறிவிப்புகள் போனதும் 2016 ஆகஸ்டில், வெளியான சில நாட்களிலேயே இறக்கும் பக்கத்தை மூடிவிட்டார்கள். எல்லா நிறுவனமும் அப்படி இல்லை. சோனிக் கேம்களின் உரிமையாளரான செகா நிறுவனம், சோனிக் ரசிகர் கேம்கள் செய்துவந்தவர்களைச் சேர்த்துக்கொண்டே 2017-இல் சோனிக் மேனியாவை வெளியிட்டது. ஆனால் அது அந்த நிறுவனத்தின் விருப்பம். நமக்கு அது உரிமை ஆகாது.

'இப்போது விற்பதே இல்லை' என்பதும் அப்படித்தான். விற்காமல் கிடக்கும் கேமின் உரிமை காலாவதி ஆகிவிடும் என்று நம் சட்டத்தில் எங்கும் இல்லை. கலைப் படைப்புக்குப் படைப்பாளியின் ஆயுள், அதற்குப் பின் 60 ஆண்டு. அந்தப் படங்களை வரைந்தவர் உயிரோடு இருந்தால் 60 ஆண்டுக் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை. முப்பது ஆண்டாக யாரும் விற்காத கேம்களை இப்படிப் பூட்டி வைத்திருப்பது சரியில்லை, சட்டம் இதில் மாற வேண்டும் என்பது என் கருத்து. அதை வைத்து நான் உங்களுக்காக வாதாட முடியாது. 'இந்தியாவில் பதிவு செய்யவில்லையே' என்றும் கேட்காதீர்கள். பதிவு கட்டாயமில்லை. ஜப்பானும் இந்தியாவும் பெர்ன் என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் இருப்பதால் அவர்கள் படைப்புக்கு இங்கே பாதுகாப்பு உண்டு.

நீங்கள் நல்லெண்ணத்தோடு எழுதிய அந்தக் குறிப்பு உங்களுக்குப் பாதுகாப்பு தராது, பாதகமாகவே முடியும். உரிமை இருப்பது தெரியாது, தெரிந்துகொள்ளக் காரணமும் இல்லை என்று நிரூபித்தால் 55-வது பிரிவில் இழப்பீட்டிலிருந்து ஒரு சலுகை கிடைக்கும். 'உரிமை அவர்களுக்கே' என்று நீங்களே எழுதி வைத்த பிறகு அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. ஸ்பிரைட் ஷீட்டுகளில் 'என் பெயரைக் குறிப்பிட்டால் இலவசமாகப் பயன்படுத்தலாம்' என்று பிரித்தெடுத்தவர்கள் எழுதியிருப்பார்கள். பிரித்தெடுத்தவருக்கே இல்லாத உரிமையை அவர் உங்களுக்குத் தர முடியாது.

போலீஸ் கேள்விக்கு வருகிறேன். தெரிந்தே பதிப்புரிமையை மீறுவது 63-வது பிரிவில் குற்றம்தான். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். இது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே சமயம், 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்பதும் 2014 முதல் உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. வியாபார லாபத்துக்காகச் செய்யாவிட்டால் தண்டனையைக் குறைக்க 63-வது பிரிவே இடம் தருகிறது. உங்கள் 11,000 ரூபாய் விளம்பர வருமானம் அதற்குக் கொஞ்சம் இடைஞ்சல்தான். இருந்தாலும் நோட்டீஸ் உங்களிடம் கேட்பது நீக்கம், கணக்கு, உறுதிமொழி. கிரிமினல் புகார் பற்றி அதில் பேச்சே இல்லாவிட்டால் முன்ஜாமீன் எல்லாம் இப்போது தேவையில்லை.

நண்பன் சொன்ன எதிர் அறிவிப்பைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் அழுத்தமாகவே சொல்கிறேன். அது அமெரிக்கச் சட்டத்தின் கீழ் வரும் ஏற்பாடு. தவறுதலாகவோ அடையாளம் மாறியோதான் என் படைப்பை நீக்கிவிட்டார்கள் என்று, பொய்யானால் பொய்ச் சாட்சிக் குற்றம் என்ற பொறுப்போடு நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கும் சம்மதிக்க வேண்டும். அப்புறம் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் உரிமையாளர் வழக்குப் போட்டால் கேம் திரும்பி வராது. கடிதத்தோடு விட இருந்த நிறுவனத்தை நீங்களே வழக்குப் போடத் தள்ளியதாக ஆகும். அதுவும் உண்மையில்லாத ஒன்றை எழுதி.

செய்ய வேண்டியது இதுதான். நோட்டீஸ் உண்மையானதா என்று முதலில் பாருங்கள். அனுப்பிய முகவரி, வக்கீல் அலுவலகத்தின் விவரம், எந்தப் படைப்பு என்ற குறிப்பு எல்லாம் சரியாக இருக்கிறதா? அந்த அலுவலகத்தின் எண்ணை நீங்களாகத் தேடிப் பேசுங்கள். மின்னஞ்சலில் உள்ள லிங்கைத் தொடவோ, அதில் சொன்ன கணக்கில் பணம் போடவோ வேண்டாம். உண்மை என்று தெரிந்தால் கிட்ஹப்பை இன்றே மூடுங்கள். ஃபைலை மட்டும் நீக்கினால் பழைய கமிட்டுகளில் (முன்பு சேமித்த பதிப்புகளில்) படங்கள் அப்படியே கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். முழு ரெப்பாசிட்டரியையும் (திட்டத்தின் கோப்பகத்தையும்) நீக்க வேண்டும். அதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் தேதியோடு எடுத்து உங்கள் வக்கீலிடம் கொடுங்கள். விளம்பர வருமானப் பட்டியலையும் தொடாதீர்கள். 'எல்லாவற்றையும் அழி' என்று நோட்டீஸ் சொன்னாலும், கணக்கையும் ஆதாரத்தையும் அழித்தால் பின்னால் அதுவே உங்கள் மேல் சந்தேகமாக வரும்.

பதிலை நீங்களே எழுதாதீர்கள். உள்ளூர் வக்கீல் ஒருவர் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். உரிமைக்குப் பாதகமில்லாமல் என்று தொடங்கி, மாணவர் என்பது, கேமும் படங்களும் நீக்கப்பட்டுவிட்டன என்பது, வருமானம் எவ்வளவு என்பது, இனி அந்தப் படங்களை வெளியிடமாட்டேன் என்பது, இவை போதும். அவர்கள் அனுப்பிய உறுதிமொழி வரைவில் அப்படியே கையெழுத்துப் போட வேண்டாம். 'இனி எந்த கேமும் செய்யமாட்டேன்', 'புரோகிராமையும் ஒப்படைக்கிறேன்', 'மீறினால் இத்தனை லட்சம்' என்பது போன்ற வரிகள் இருந்தால் அடித்துத் திருத்த வேண்டும். கேமின் ஐகானில் அந்த ஹீரோவின் முகம் இருந்தால் அதையும் மறக்காமல் எடுங்கள். வணிகச் சின்னச் சட்டம் தனி, அதற்கு 60 ஆண்டு வரம்பெல்லாம் இல்லை.

புரோகிராமைக் கொடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் அது உங்களுடையது. ஓடுவது, தாவுவது, எதிரி தலையில் மிதிப்பது போன்ற விளையாட்டு விதிகளுக்கு யாரும் பதிப்புரிமை கேட்க முடியாது. அதற்காக அதே தோற்றத்தைத் தடம் பிடித்து வரைந்தாலும் மாட்டிக்கொள்வீர்கள்; 2012-இல் அமெரிக்காவில் டெட்ரிஸ் வழக்கில், அதைப் போலவே செய்த மினோ என்ற கேம் அப்படித்தான் தோற்றது. டூம் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூல நிரலை 1997-இல் நிறுவனமே வெளியிட்டது, ஆனால் படங்களை விடுவிக்கவில்லை. ஃப்ரீடூம் என்ற திட்டத்தில் பலர் சேர்ந்து படங்களை எல்லாம் புதிதாக வரைந்து அந்த நிரலில் பொருத்தினார்கள். உங்கள் கேமையும் அப்படித் திரும்பக் கொண்டுவரலாம். வரையத் தெரியாவிட்டால் கென்னி தளத்தில், யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்ற சிசி0 உரிமத்தில் படங்கள் கிடைக்கின்றன, விளம்பரத்தோடும் பயன்படுத்தலாம். மற்ற இடங்களில் எடுத்தால் உரிமத்தைப் படியுங்கள். சிலவற்றுக்குப் பெயர் போட வேண்டும், சிலவற்றை விளம்பரம் உள்ள கேமில் வைக்கக் கூடாது. இலவசம் என்று யாரோ ஏற்றியதே இன்னொரு கேமிலிருந்து உருவியதாக இருக்கலாம், அதையும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

புதுப் படங்களோடு கேம் தயாரானாலும், பதில் கடிதத்துக்கு எதிர்த்தரப்பிலிருந்து எழுத்துப்பூர்வமான மறுமொழி வரும்வரை ஏற்றாதீர்கள். 14 நாள் போதாவிட்டால் கூடுதல் அவகாசம் கேட்டு வக்கீல் மூலமாக ஒரு மின்னஞ்சலை, கெடு முடிவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.