2 சதவீதம் கொடுத்துப் புரோக்கரிடம் விடுவதா, நாமே விற்பதா?

கேள்வி: எனக்கு 63 வயது. திருச்சி கே.கே. நகர் பக்கம் 1998-இல் என் பெயரில் மனை வாங்கி வீடு கட்டினோம். 2014-இல் வங்கிக் கடன் வாங்கி மாடி எடுத்தோம். அந்தக் கடனை 2021-இல் முடித்துவிட்டேன். இனி பெங்களூரில் மகளோடு இருக்கலாம் என்று முடிவு. தெரிந்த புரோக்கர் ஒருவர், "90 லட்சத்துக்கு நான் முடித்துத் தருகிறேன், 2 சதவீதம் கமிஷன், சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கிளம்புங்கள்" என்கிறார். மகளோ, "ஆன்லைனில் போட்டால் நாமே விற்றுவிடலாம், எதற்கு 1,80,000 ரூபாய் தண்டம்?" என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது? சாவியைக் கொடுக்கலாமா?

பதில்: உங்கள் மகள் போட்ட கணக்கில் தப்பில்லை. ஆனால் அது பாதிக் கணக்கு. மீதிப் பாதியை, வீடு வாங்க வருகிறவர் போடுவார்.

அவர் பக்கம் நின்று பாருங்கள். 90 லட்சத்துக்குப் பத்திரம் பதிய முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 8,10,000 ரூபாய் அவர் கையிலிருந்து போகும். புரோக்கர் மூலம் வந்தால் அவரும் ஒன்றோ இரண்டோ சதவீதம் தர வேண்டும். "ஓனரிடம் நேரடியாக" என்ற விளம்பரத்தைப் பார்த்து அவர் வருவதே அந்தக் காசை மிச்சம் பிடிக்கத்தான். வந்து உட்கார்ந்து காபி குடித்ததும், "நடுவில் யாரும் இல்லையே சார், கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்களேன்" என்பார். உங்களுக்கும் மறுக்க மனம் வராது. நேரடி விற்பனையில் மிச்சமாகும் கமிஷன் பெரும்பாலும் இரண்டு பக்கமும் பங்காகிப் போகிறது. உங்கள் கைக்கு முழு 1,80,000 வரும் என்று நினைத்து இறங்காதீர்கள்.

சரி, புரோக்கர் சொல்வதுதான் நியாயமா? அவர் கணக்கையும் போடுவோம். 90-க்கு முடித்தால் அவருக்கு 1,80,000. இரண்டு மாதம் பொறுத்து 93-க்கு விற்றால் 1,86,000. உங்களுக்கு ஏறக்குறைய 3 லட்சம் கூடுதல், அவருக்குக் கூடுதல் வெறும் 6,000. ஆறாயிரத்துக்காக இரண்டு மாதம் காத்திருக்க அவருக்கு என்ன தலையெழுத்து? இந்த வாரமே ஒரு பார்ட்டி 87-க்குக் கேட்டால், "விட்டால் போய்விடுவார், முடித்துவிடலாம் சார்" என்றுதான் அவர் சொல்வார். அவர் கெட்டவர் என்பதால் அல்ல, அந்தத் தொழிலின் கூலி அப்படி அமைந்திருக்கிறது. அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் ஏறக்குறைய ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை எடுத்துப் பார்த்து 2008-இல் ஓர் ஆய்வு வெளியானது. அங்கே ஏஜென்ட்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சராசரியாகப் பத்து நாள் வரை கூடுதலாகக் காத்திருந்து, 3.7 சதவீதம் கூடுதல் விலை பார்த்திருக்கிறார்கள். ஊர் வேறு என்றாலும் கூலி முறை ஒன்றுதான்.

அதனால் புரோக்கரிடமிருந்து எதை வாங்குகிறோம் என்பதில் தெளிவாக இருங்கள். வாங்க ஆளைக் கூட்டி வருவது அவர் வேலை. அதற்கு அவர் நிச்சயம் பெறுமானமுள்ளவர். விலையையும் பத்திரங்களையும் பணத்தையும் அவர் கையில் விடக் கூடாது.

உங்கள் வீட்டுக்கு ஆள் எங்கிருந்து வருவார்? பாதி விற்பனை தெருவுக்குள்ளேயே முடிகிற பகுதிகள் உண்டு. எதிர்வீட்டுக்காரரின் மைத்துனர், பக்கத்துத் தெருவில் பத்து வருடமாக வாடகைக்கு இருப்பவர், பள்ளிக்காக இதே ஏரியாவில் வீடு தேடுகிறவர் என்று. இவர்களைப் பிடிக்கப் புரோக்கர் தேவையில்லை. வாசலில் ஒரு பலகை, குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி, பால்காரர், மளிகைக் கடை அண்ணாச்சி போதும். இன்னொரு வகை, வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ சம்பாதித்து, புதுக்கோட்டை, பெரம்பலூர்ப் பக்கமிருந்து திருச்சியில் ஒரு வீடு வேண்டும் என்று தேடுகிறவர்கள். இவர்கள் சார்பில் அப்பாவோ மாமனாரோ வந்து பார்ப்பார். அவர் மொபைலில் விளம்பரம் தேடுகிறவர் அல்ல, நேராகப் புரோக்கரிடம் போகிறவர். இந்தக் கூட்டத்தை நீங்கள் தனியாகப் பிடிப்பது கடினம்.

99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், நோபுரோக்கர் போன்ற தளங்களில் போடுங்கள், தப்பில்லை. ஆனால் போட்ட அன்றே வரும் அழைப்புகளில் நிறைய புரோக்கர்களுடையதாகத்தான் இருக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

என் யோசனை இது. பெங்களூருக்குப் போவதை இரண்டு மாதம் தள்ளிப் போட முடிந்தால், நீங்களே முயன்று பாருங்கள். வீட்டைக் காட்ட, பேரம் பேச, மறுபடி வந்து சமையலறையை அளந்து பார்க்க வரும் அம்மாவுக்குக் கதவைத் திறக்க, ஓர் ஆள் ஊரில் இருந்தாக வேண்டும். நீங்கள் கிளம்பிவிட்டால் நேரடி விற்பனை என்பது பேச்சுக்குத்தான். அப்போது புரோக்கரிடமே விடுங்கள், ஆனால் ஒருவரிடம் மட்டும் வேண்டாம். ஆடியில் முயற்சியைத் தொடங்காதீர்கள். பார்க்க வருவார்கள், முன்பணம் கொடுக்க மாட்டார்கள்.

எந்த வழியில் போனாலும், அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இதை நான் மிக அழுத்திச் சொல்வேன். வங்கிகளுக்குச் சட்டக் கருத்து எழுதித் தரும் வக்கீல் என்ற முறையில், விலை படியாமல் நின்ற விற்பனையை விட, காகிதத்தில் சிக்கி நின்றவற்றைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் 2014-இல் கடன் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல், பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கும் கடனுக்கான ஆவணத்தையும் பதிவு செய்தாக வேண்டும். ஆக, சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் ஏறியிருக்கும். கடனை அடைத்து, வங்கி 'பாக்கி இல்லை' என்று கடிதமும் அசல் பத்திரங்களும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. வங்கி அதிகாரி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து ரசீது ஆவணம் எழுதிப் பதிந்தால்தான், கடன் தீர்ந்த விவரம் வில்லங்கத்தில் வரும். அது இல்லாவிட்டால் வாங்குபவரின் வங்கி, "இதில் இன்னொரு வங்கியின் அடமானம் நிற்கிறதே" என்று கோப்பைத் திருப்பிவிடும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். இன்று ராத்திரியே பாருங்கள். ரசீது பதியவில்லை என்றால் நாளைக் காலை முதல் வேலை வங்கிக் கிளைதான். அதிகாரி நாள் ஒதுக்கி வருவதற்குள் சில வாரம்கூட ஓடிவிடும்.

அடுத்தது பட்டா. மனை வாங்கியவுடன் பட்டாவை மாற்றாமல், இன்னும் மனைப்பிரிவு போட்டவர் பெயரிலேயே விட்டு வைத்திருப்பவர்கள் உண்டு. உங்கள் பெயரில் தனிப் பட்டா இருக்கிறதா பாருங்கள். மனைப்பிரிவுக்கு முறையான அங்கீகாரம் இருந்ததா என்பதும் கேள்வி. இல்லாவிட்டால், 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்காக 2017-இல் வந்த வரன்முறைத் திட்டத்தில் ஒழுங்குபடுத்தி ஆணை வாங்கினீர்களா? அப்புறம் மாடி. கீழ்த்தளத்துக்கு வரைபட அனுமதி இருக்கும், மாடிக்கு இருக்காது. இது அடிக்கடி பார்க்கும் கதை. வங்கிக் கடனில் கட்டியதால் உங்களுக்கு அனுமதி இருக்க வாய்ப்புண்டு, அந்த வரைபடத்தைத் தேடி எடுத்து வையுங்கள். உங்கள் கிரயப் பத்திரம், சொத்து வரி ரசீது, மின் இணைப்பு எல்லாம் ஒரே பெயரில், ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இவை சுத்தமாக இருந்தால் விலை தானாகக் கொஞ்சம் ஏறும். வங்கிக் கடனில் வாங்குகிறவரும் தைரியமாகப் பேச வருவார். குறை இருந்தால் ரொக்கக்காரர் மட்டுமே மிஞ்சுவார், அவர் அடித்துத்தான் கேட்பார்.

இப்போது அந்த 90 லட்சம். அது யார் சொன்ன விலை? புரோக்கர் சொன்னது. அதே ஏரியாவில் உங்கள் நண்பர் ஒருவரை வாங்குபவர் போல இரண்டு மூன்று புரோக்கர்களிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். விற்பவரிடம் சொல்லும் விலைக்கும் வாங்குபவரிடம் சொல்லும் விலைக்கும் நடுவில் உள்ள இடைவெளி உங்களுக்கே தெரிந்துவிடும். வழிகாட்டி மதிப்பை அடிப்படையாக எடுக்காதீர்கள், அது முத்திரைத் தீர்வை கணக்கிட அரசு வைத்த எண். பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் சில ஆயிரம் கொடுத்து ஓர் அறிக்கை வாங்குவது வீண் செலவல்ல. ஒன்றுக்கு மட்டும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்: இருபத்தைந்து வருடம் தாண்டிய கட்டடத்துக்கு யாரும் நீங்கள் நினைக்கும் விலை தர மாட்டார்கள். நிலத்தைச் சதுர அடிக் கணக்கில் பேசுவார்கள், தேக்குக் கதவைப் பாராட்டிவிட்டு விலையில் சேர்க்காமல் விடுவார்கள்.

புரோக்கரோடு பேசும்போது ஒரு பேச்சு வரும்: "உங்களுக்குக் கைக்கு 88 வந்தால் போதும்தானே? மேலே வருவது என் சாமர்த்தியம்." கேட்க நன்றாக இருக்கும், கமிஷனே கொடுக்க வேண்டாம் என்று தோன்றும். எங்கள் அப்பா வீட்டை விற்றபோது நானே இதற்குத் தலையாட்டினேன், வக்கீலாக இருந்தும். வாங்கியவரிடம் புரோக்கர் ஆறு லட்சம் மேலே வைத்து வாங்கியிருக்கிறார் என்பது பத்திரப் பதிவன்று டீக்கடையில்தான் தெரிந்தது. சதவீதமோ முழுத் தொகையோ, கமிஷன் இவ்வளவுதான் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவர் கூட்டி வந்த ஆளே வாங்கினால்தான் கமிஷன், அதுவும் கிரயப் பத்திரம் பதிந்த அன்று, வங்கி வழியாக என்று அதில் இருக்கட்டும். யார் யாரை எந்தத் தேதியில் கூட்டி வந்தார் என்று நோட்டில் குறித்து வையுங்கள். ஒரே பார்ட்டிக்கு இரண்டு புரோக்கர்கள் உரிமை கொண்டாடுவது இங்கே சாதாரணம். எல்லோரிடமும் ஒரே விலை சொல்லுங்கள். ஒருவரிடம் 95, இன்னொருவரிடம் 90 என்றால் சாயங்காலத்துக்குள் ஏரியா முழுக்க உங்கள் விலை 90 ஆகிவிடும்.

"நீங்கள் அடிக்கடி பெங்களூரிலிருந்து வர வேண்டாம், எனக்கு ஒரு பவர் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டால், வேண்டாம். அதிகாரப் பத்திரம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அது உங்கள் ரத்த உறவில் ஒருவருக்கு இருக்கட்டும்.

முன்பணம் வாங்கும்போது விற்பனை ஒப்பந்தத்தை வக்கீலை வைத்து எழுதுங்கள். 2012 டிசம்பரிலிருந்து இதையும் பதிய வேண்டும் என்பது தமிழ்நாட்டுச் சட்டம். ஆனால் பதிந்த ஒப்பந்தமும் வில்லங்கத்தில் ஏறும். வாங்குபவர் பாதியில் ஓடிவிட்டால், ரத்துப் பத்திரத்தில் அவர் கையெழுத்துக்காக நீங்கள் அலைய வேண்டி வரும். அதனால் ஆள் யார், பணம் எங்கிருந்து வருகிறது, கடன் ஒப்புதல் ஆகிவிட்டதா என்று விசாரித்த பிறகே ஒப்பந்தம். பொதுவாக மூன்று மாதத்துக்கு மேல் கெடு தர வேண்டாம். முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கினால் அதே அளவு தொகையை அபராதமாக விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் உண்டு.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்பதால், வாங்குபவர் 1 சதவீதத்தைப் பிடித்து உங்கள் பான் எண்ணில் வருமான வரியாகக் கட்டுவார். 90 லட்சத்துக்கு 90,000. அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். லாபத்துக்கான வரி தனி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்து என்பதால் பணவீக்கச் சரிக்கட்டு (விலைவாசி ஏற்றத்துக்கேற்ப அடக்க விலையைக் கூட்டிக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 சதவீதம், சரிக்கட்டோடு 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது உங்களுக்குப் பொருந்தும். 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை மனையின் அடக்க விலையாக எடுக்கலாம், மாடி கட்டிய செலவையும் சேர்க்கலாம். பெங்களூரில் வீடு வாங்கப் போகிறீர்களா இல்லையா என்பதைப் பொறுத்து வரிச் சலுகை மாறும். பத்திரம் பதிவதற்கு முன்பே ஓர் ஆடிட்டரைப் பாருங்கள். உங்கள் மகளுக்கு ஒரு தகவல்: புரோக்கர் கமிஷனை விற்பனைச் செலவாக லாபத்திலிருந்து கழிக்கலாம், ரசீது இருந்தால். ரசீது தராத புரோக்கரின் 2 சதவீதம் உண்மையில் இரண்டுக்கும் மேலே.

கடைசியாக, சாவி. புரோக்கரிடம் கொடுக்க வேண்டாம். திருட்டுப் பயத்தால் சொல்லவில்லை. சாவி வைத்திருக்கும் புரோக்கர் மற்ற புரோக்கர்கள் கூட்டி வரும் ஆட்களுக்குக் கதவைத் திறப்பதில்லை. "ஓனர் ஊரில் இல்லை", "பேசி முடிந்துவிட்டது" என்று ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவார். நீங்கள் பெங்களூரில் உட்கார்ந்து ஏன் யாருமே வரவில்லை என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். பக்கத்து வீட்டில் நம்பிக்கையானவர் இருந்தால் அவரிடம் கொடுங்கள். யார் வந்தாலும் முதலில் உங்களுக்கு ஒரு போன் செய்துவிட்டுத் திறக்கட்டும்.