வாசகர் கேள்வி பதில்: மாரி தாங்கும் ஆமை எது?

கேள்வி: வளவுக்குள் நட்சத்திர ஆமை ஒன்று வந்தது. மகன் வளர்க்கக் கேட்கிறான். நம்மூர் ஆமை, காலநிலைக்கு ஒத்துவரும்தானே?
– வாசகி, நிலாவெளி

பதில்: ஒத்துவரும். ஆனால் வளர்க்க முடியாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் தடுக்கிறது. வந்த பற்றைப் பக்கமே விட்டுவிடுங்கள். ஆமைதானே என்று கிணற்றில் போட்டுவிடாதீர்கள். இது தரை ஆமை, தாண்டு செத்துப்போகும்.

கேள்வி: அப்படியானால் வெளிநாட்டு இனங்களில் எது இங்கே பிழைக்கும்? கச்சான் வெயிலை நினைத்தால் பயமாக இருக்கிறது.
– வாசகர், உப்புவெளி

பதில்: பயப்பட வேண்டியது வெயிலுக்கல்ல, மாரிக்கு. வெயிலுக்கு நிழல் போதும். ஐப்பசி முதல் தை வரையான ஈரத்துக்கு என்ன செய்வது?

ரஷ்ய ஆமையும் மத்தியதரைக்கடலோர நாடுகளின் தரை ஆமைகளும் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் உறங்கிப் பழகியவை. இங்கே உறங்கக் குளிருமில்லை, காய வறட்சியுமில்லை. ஈரக்காற்றில் மூக்கில் நுரை கட்டும். ஆமைக்கு இருமத் தெரியாது. சளி நுரையீரலிலேயே தங்கிவிடும். ஆபிரிக்க சுல்காட்டா கச்சானைத் தாங்கும், ஆனால் 40 கிலோவுக்கு மேல் வளரும், மதிலுக்கடியால் வளை தோண்டும். வீட்டு முற்றத்துக்கு அது சரிவராது.

தென்னமெரிக்காவின் சிவப்புக்கால் ஆமைதான் பொருத்தம். ஒரு அடிக்குச் சற்றுக் கூடுதலாக வளரும், ஈரக்காற்று பழக்கம், குளிர் உறக்கம் இல்லை. அதற்கும் தேங்கிய நீர் ஆகாது, வயிற்றுப்பக்க ஓடு அழுகும். 20 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மணலும் செம்மண்ணும் கலந்து மேடாக்கி, ஒரு பக்கம் சரிவு விடுங்கள். வெறும் தகரக் கூரை அடுப்புத்தான்; மேலே கிடுகு போடுங்கள். கச்சான் காலத்தில் ஒரு மூலையில் ஈரச்சருகும், தாடை மட்டத்தைத் தாண்டாத தண்ணீர்த் தட்டும் வேண்டும்.

தீனிக்கு முருங்கை இலை, செவ்வரத்தை இலையும் பூவும், இடையிடையே பப்பாசி. சோறும் பாணும் வேண்டாம். சுண்ணச்சத்துக்குக் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓடே போதும்: இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்புப் போக்கி, காயவைத்துச் சுரண்டித் தூவுங்கள். பச்சையாக அப்படியே போட்டால் உப்புத்தான் உள்ளே போகும்.

இறக்குமதிப் பத்திரம் காட்டாதவரிடம் வாங்கவேண்டாம். முதலில் வனசீவராசிகள் திணைக்களத்தில் கேளுங்கள்.

கேள்வி: தொட்டியில் வளர்த்த சிவப்புக்காது ஆமை பெருத்துவிட்டது. கந்தளாய்க் குளத்தில் விடலாமா?
– வாசகர், கந்தளாய்

பதில்: கூடாது. வெளிநாட்டு நீராமையான அது நம்மூர் நீராமைகளின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்ளும். பெரிய தொட்டி கட்டுங்கள்.